கழட்டி மாட்டினீங்களா?

போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இதை எழுதும் நிமிடம் வரை 11 பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். என் மச்சினன், அப்பார்ட்மென்ட் செயலாளர், எதிர் வீட்டு ஏழாம் வகுப்புப் பையன், பல் டாக்டர், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் எல்லாரும் இதில் அடக்கம். பல் டாக்டர் கேட்டபோது அவர் கை என் வாய்க்குள் இருந்ததால் பதில் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. சிலிண்டர்காரர் இன்னும் ஒரு படி மேல். ஹாலில் வயிறு திறந்து கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். சிலிண்டரை இறக்கி வைத்தார். இடுப்பில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"ரேமைக் கழட்டி மாட்டினீங்களா சார்?"

மாட்டினேன் ஐயா, மாட்டினேன். நீங்கள் கேட்பதற்கு முன்பே மாட்டினேன். கேட்ட பிறகு, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே என்ற கூச்சத்தில் இன்னொரு முறையும் மாட்டினேன்.

மதர்போர்டு கிளம்பாவிட்டால் ஐந்து படிகளில் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். ஆறு நாள் பட்ட பாட்டில் நான் கற்றது அது. அந்த ஐந்தையும் வரிசையாகச் சொல்லிவிட்டால் யாருக்காவது உதவுமே என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

என்னுடையது 2018-இல் அசெம்பிள் செய்த பெட்டி. எட்டாம் தலைமுறை ஐ5. எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறைக்கு மேல் யாருக்கும் பெயர்கூடத் தெரியாது. இவன் மட்டும் எட்டு தலைமுறைக் கணக்கோடு வந்து மேஜைக்கடியில் உட்கார்ந்தான். ஏழெட்டு வருஷம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. செவ்வாய்க்கிழமை காலை பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது, உள்ளே விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் 'சிக்னல் இல்லை' என்ற பெட்டி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நீந்திப் போய், சலித்துப்போய், அணைந்தது.

"ஃபேன் ஓடுதில்ல? அப்ப பவர் வருது, பிரச்சினை இல்லை" என்றார் செயலாளர். ஃபேன் ஓடினால் எல்லாம் சரி என்று நம்பும் கூட்டம் ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் கேட்கிறது என்பதால் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று அர்த்தமா? ஃபேனுக்கு வேண்டியது 12 வோல்ட், அவ்வளவுதான். போர்டுக்கு 3.3 வேண்டும், 5 வேண்டும், 12 வேண்டும். 24 முனை உள்ள பெரிய பிளக் ஒரு பக்கம் என்றால், பிராசசருக்கென்றே தனியாக 8 முனை பிளக் ஒன்று தலைமாட்டில் இருக்கும். அதைச் செருக மறந்தாலும் ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றும், மாப்பிள்ளை வரமாட்டார். இதைச் செயலாளரிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எதுக்கும் ரேமைக் கழட்டி மாட்டிப் பாருங்களேன்" என்றார்.

போர்டின் ஓரத்தில் மிளகு அளவில் நான்கு விளக்குகள் இருக்கின்றன. பிராசசருக்கு ஒன்று, ரேமுக்கு ஒன்று, டிஸ்பிளேவுக்கு ஒன்று, பூட் ஆகும் டிஸ்க்குக்கு ஒன்று. பவர் கொடுத்ததும் போர்டு தன்னைத்தானே தடவிப் பார்த்துக்கொள்ளும், போஸ்ட் என்பார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே கோளாறு. என் போர்டில் நின்றது ரேம் விளக்கு.

இதை நான் வெளியில் சொல்லியிருக்கக் கூடாது. மச்சினனிடம் சொல்லிவிட்டேன். போனில் அவன் மூச்சுவிட்டதிலேயே வெற்றிக்களிப்பு தெரிந்தது. அவன் கோவையில் வங்கியில் இருக்கிறான், கடன் பிரிவு. "மாமா, நான் சொல்லல?" என்றான். அவன் அதுவரை எதுவும் சொல்லியிருக்கவில்லை.

சரி, முதல் படி. முதல் படி என்பது கழற்றி மாட்டுவதுதான். அதை மறுக்க நான் யார்? கழற்றி மாட்டித்தானே வளர்ந்தோம். டியூப் லைட் சிமிட்டினால் ஸ்டூல் போட்டு ஏறி, குழாயைக் கால் திருப்பு திருப்புவோம். அதிலும் எரியவில்லை என்றால் ஸ்டார்ட்டரைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து மாட்டுவோம். எதைக் கேட்க எதிர்பார்த்தோம் என்று இன்றுவரை தெரியாது. பேனா எழுதவில்லை என்றால் ரீஃபிலை உருவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தயிர் கடைவதுபோல் உருட்டி, திரும்பப் போடுவோம். கேசட் இழுத்தால் வெளியே எடுத்துத் தொடையில் நாலு தட்டு. டிவிக்குத் தலையில் தட்டு. எங்கள் வீட்டு டிவிக்கு வலது பக்கம் மேல் மூலையில், பெரியப்பா கையால் மட்டும்தான். அவர் ஊருக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் படம் பார்க்காமல் தெருவே திரும்பிப் போனது.

ரிமோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரிமோட்டில் சேனல் மாறவில்லை. நாம் என்ன செய்கிறோம்? புது பேட்டரி வாங்குகிறோமா? வாங்கும் ஜாதியா நாம்? முதலில் அழுத்தமாக அழுத்துகிறோம். பிறகு கையை டிவியை நோக்கி நீட்டி, உடம்பையும் கொஞ்சம் சாய்த்து அழுத்துகிறோம். பிறகு உள்ளங்கையில் அடிக்கிறோம். பிறகு பின்மூடியைக் கழற்றி, அந்த மூடி போன வருஷமே தொலைந்திருந்தால் ரப்பர் பேண்டைக் கழற்றி, பேட்டரியைக் கட்டைவிரலால் அப்படியே இடத்திலேயே உருட்டுகிறோம். ஒரு முறை வேலை செய்யும். மறுநாள் மறுபடி உருட்டுவோம். மூன்றாம் நாள் இரண்டு பேட்டரியையும் இடம் மாற்றிப் போடுவோம், இடது பக்கம் இருந்த தளர்ச்சி வலது பக்கம் போனால் தீர்ந்துவிடும் என்பதுபோல. அதற்கும் அடங்கவில்லை என்றால் மொட்டைமாடி கைப்பிடிச் சுவரில் வடகத்துக்குப் பக்கத்தில் வெயிலில் வைப்போம். என் அத்தை ஒருத்தி பேட்டரியைப் பல்லால் கடித்து உள்ளே போடுவாள். அதை எங்கே படித்தாள் என்று கேட்டால், "எல்லாரும் செய்யறதுதானே" என்பாள். கடைசியில் கடிகாரத்திலிருந்து ஒரு பேட்டரியை உருவி ரிமோட்டில் போடுவோம். ரிமோட் ஓடும், கடிகாரம் நிற்கும். அதற்கப்புறம் ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் மணி தெரியாது, ஆனால் சீரியலை ஒருநாளும் தவறவிட்டதில்லை. இப்படி இரண்டு பேட்டரியை வைத்துக்கொண்டு நாலு மாதம் ஓட்டிய பரம்பரை, கம்ப்யூட்டர் ரேமைப் பார்த்ததும் சும்மா இருக்குமா?

ரேமுக்கு இன்னொரு சடங்கும் உண்டு. ரப்பர். பென்சில் அழிக்கிற ரப்பர். ரேமைக் கழற்றி, அடியில் மஞ்சளாக வரிசையாக இருக்கும் பற்களை ரப்பரால் தேய்த்து, ஊதி, மாட்ட வேண்டும். எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை. எந்த மெக்கானிக் சட்டைப் பையிலும் ரப்பர் இல்லாமல் பார்த்ததில்லை. இதிலும் கட்சிகள் இருக்கின்றன. வெள்ளை ரப்பர்தான் சரி, கலர் ரப்பர் பிசுக்கு விடும் என்று ஒரு சாரார். வாசனை ரப்பரே கூடாது என்று இன்னொரு சாரார். பென்சில் பின்னால் ஒட்டியிருக்கும் ரப்பரைச் சொன்னால் இரண்டு சாராரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

எதிர் வீட்டுப் பையனிடம் ரப்பர் கேட்டேன். நாளைக்கு ஜியாமெட்ரி டெஸ்ட் இருக்கிறது, இன்று ராத்திரிக்குள் வேண்டும் என்று நிபந்தனை போட்டுக் கொடுத்தான், கொடுத்துவிட்டு நகராமல் பக்கத்திலேயே நின்றான். டிடிஆர்4 ரேமில் 288 பற்கள். ஒரு பக்கம் 144, மறு பக்கம் 144. அத்தனையையும் மேலிருந்து கீழாகத் தேய்த்தேன். "சைடுல தேய்க்காதீங்க அங்கிள், டவுன்லதான் தேய்க்கணும்" என்றான். ஏழாம் வகுப்பு.

"அது என்னங்க மஞ்சளா?" என்றாள் மனைவி.

"தங்க முலாம்."

அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். எவ்வளவு தேறும் என்று கேட்கவில்லை, பார்வையில் கேட்டாள். ஒரு மைக்ரான்கூடத் தேறாது என்றேன். நான் பையனைப்போல் அக்கறையாகத் தேய்த்துக்கொண்டிருந்ததில் அதுவும் எவ்வளவு மிச்சமோ. தங்கம் துரு ஏறாது என்றுதானே அங்கே பூசியிருக்கிறான்? நாம் அழுக்கோடு சேர்த்து அதையும் அழிக்கிறோம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து ஒற்றி எடுத்தால் போதும். மருந்துக்கடையில் அதைக் கேட்டபோது "எங்க சார் காயம்?" என்றார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், கழற்றி மாட்டுவது மூடநம்பிக்கை இல்லை. பல் ஸ்லாட்டுக்குள் உரசி இறங்கும்போது மேலே படிந்த படலம் சுரண்டப்பட்டு, உலோகமும் உலோகமும் நேராகத் தொடும். பாதி கோளாறு அதில் சரியாகிவிடும். என் எரிச்சல் மீதிப் பாதியைப் பற்றியது. இன்றைய டிடிஆர்5 போர்டுகளில் புது ரேம் போட்டால், முதல் முறை போர்டும் ரேமும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். நம் ஆள் அரை நிமிடம் பார்ப்பான், பவரை அணைப்பான், கழற்றுவான், மாட்டுவான். பாவம் அது மறுபடி முதலிலிருந்து பழக ஆரம்பிக்கும்.

முந்தைய காலத்தில் கோளாறு என்றால் போர்டே வாய்விட்டுச் சொல்லும். குட்டி ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. ஒரு குட்டை பீப் என்றால் சுபம். அவார்டு பயாஸில் ஒரு நெட்டை, இரண்டு குட்டை என்றால் டிஸ்பிளே கார்டில் தோஷம். கம்பெனிக்குக் கம்பெனி பலன் மாறும். எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் கௌளி சொல்லுக்குப் பலன் என்று ஒரு பக்கம் இருக்கும். எந்தக் கிழமை எந்தத் திசையில் பல்லி சொன்னால் என்ன ஆகும் என்று கட்டம் போட்டிருப்பார்கள். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்ததே இல்லை. முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு பெட்டி பீப் என்று நீட்டியதும், மொத்த செக்‌ஷனும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எத்தனை நெட்டை, எத்தனை குட்டை என்று விரல் விட்டு எண்ணும். இப்போது அந்த ஸ்பீக்கரையும் போர்டோடு கொடுப்பதில்லை. கௌளி ஊமையாகிவிட்டது. சுவரில் இருக்கும் நிஜப் பல்லிதான் மிச்சம். அது செவ்வாயன்று தெற்கிலிருந்து இரண்டு முறை சொன்னது. பலன் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பேட்டரியையும் மாற்றினேன். சிஆர்2032 என்று போர்டில் பொட்டு வைத்தாற்போல் ஒன்று இருக்குமே, அது. அளவு பெயரிலேயே இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். மூன்று வோல்ட். பிளக் பாயின்ட்டில் கரன்ட் இருக்கும்வரை போர்டு கடிகாரத்துக்கு அங்கிருந்தே சாப்பாடு போகும், பேட்டரி சும்மா இருக்கும். ராத்திரி சுவிட்சை அணைத்துவிட்டால் பேட்டரிதான் விடிய விடிய விழித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் சுற்றிவந்து, ஃப்ரிட்ஜ் தவிர எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். யார் என்று சொல்லமாட்டேன். இந்தக் கட்டுரையை முதலில் படிப்பதும் அவர்தான். பழைய பேட்டரியைக் கழற்றி, பத்து நிமிடம் பொறுத்து, புதியதைப் போட்டேன். ரேம் விளக்கு அசையாமல் எரிந்தது.

வெள்ளிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் புறப்பட்டேன். பிராசசரோடும் ரேமோடும் போர்டைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டேன். நிலைமின்சாரம் தாக்காத பையில்தான் எடுத்துப்போக வேண்டும் என்று தெரியும். அந்தப் பையில் வீட்டில் புளி இருந்தது. மெட்ரோ ஸ்கேனரில் பை உள்ளே போனதும் பெல்ட் நின்றது.

"என்ன சார் இது?"

"மதர்போர்டு."

"ஓடலையா?"

"இல்லைங்க."

அவர் பையைத் திருப்பிக் கொடுத்தார். அவர் வாய் திறப்பதற்குள் "மாட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். இவரையும் சேர்த்தால்தான் 11.

அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு திரும்பும் வரைக்கும் கேபிள், சார்ஜர், ஸ்பீக்கர் என்று கொட்டிக்கிடக்கும். ஆட்டோவும் ஆளும் ஒரே அகலத்தில் போகும் தெரு. ஒரு கடையில் ஏறினேன்; கடைப் பெயர் வேண்டாம், இன்னும் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. கல்லாவில் இருந்தவர் பையின் வாயை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"எந்த ஜென் சார்?"

"எட்டு."

துக்கம் விசாரிக்க வந்தவர்போல் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தார். "போர்டு போயிடுச்சு சார்."

"இன்னும் வெளியவே எடுக்கலையே?"

"எடுக்க வேணாம் சார். எட்டாவது ஜென்னுன்னாலே போயிருக்கும். புது போர்டு இதுக்கு வராது. புது செட்டா போட்டுருங்க. போர்டு, பிராசசர், ரேம் எல்லாமே மாறணும். ரேம் விலை வேற ஏறிட்டே இருக்கு, இன்னைக்கே போட்டுட்டா நல்லது."

பழைய போர்டு ஏதாவது கிடைக்குமா என்றேன். உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்து தூசி தட்டினார். சாக்கெட்டைப் பார்த்தேன், 1151. என்னுடையதும் 1151. மனம் குளிர்ந்தது. "ஆனா இது ஆறாவது ஏழாவது ஜென் போர்டு சார், உங்களுது உக்காரும், ஓடாது" என்றார். உண்மைதான், ஊரறிந்த கதை. அந்த இரண்டு தலைமுறைக்கும் 1151 ஊசி, எட்டாவதுக்கும் 1151 ஊசி, பார்க்க ஒரே சாக்கெட். ஆனாலும் பழைய போர்டில் எட்டாவதை ஏற்கமாட்டார்கள். 1,151 பொருத்தமும் இருக்கிறது, ரஜ்ஜு தட்டுகிறது என்றால் எந்தப் பெற்றோர்தான் பொறுப்பார்கள்?

கோபம் அங்கே வந்தது. கடைக்காரர் மேல் மட்டும் இல்லை. செவ்வாயிலிருந்து ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், "எப்பலேருந்து இப்படி? அதுக்கு முந்தின நாள் என்ன பண்ணீங்க?" என்று கேட்கவில்லை. மூக்கு ஒழுகுகிறது என்று போனால்கூட எத்தனை நாளாக என்று கேட்பார்கள். இங்கே ஒரு பக்கம் கழட்டி மாட்டு, இன்னொரு பக்கம் தூக்கிப் போடு. நடுவில் எதுவுமே கிடையாதா? "தெரியலை சார், ரெண்டு நாள் வெச்சுப் பாக்கணும்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவர் கேட்ட காசைக் கொடுத்திருப்பேன். முந்தைய நாள் என்ன செய்தேன் என்பதற்கு என்னிடம் பதில் இருந்தது. தூசி தட்ட கேபினெட்டைப் படுக்கப் போட்டு, உள்ளே ஒரு ஸ்குரூவை முடுக்கியிருந்தேன். கேட்டால்தானே சொல்வதற்கு.

சனிக்கிழமை நானே உட்கார்ந்தேன். போர்டு வந்த அட்டைப்பெட்டி பரணில் பத்திரமாக இருந்தது. அதை எத்தனை தீபாவளிக்குத் தூக்கிப் போடச் சொல்லியிருக்கிறாள், நானும் எத்தனை தீபாவளிக்கு "இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறேன். பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்து, அதன்மேல் போர்டைப் படுக்க வைத்தேன். பவர் சப்ளை பக்கத்தில். ஒரே ஒரு ரேம், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில். பவர் பட்டன் கேபினெட்டில் அல்லவா மாட்டிக்கொண்டிருக்கிறது? அதனால் போர்டின் ஓரத்தில் அந்த பட்டனுக்கான இரண்டு ஊசியையும் ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டேன்.

நாலு விளக்கும் எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன. திரை வந்தது. தேதி 2018 ஜனவரி 1 என்று காட்டியது. அன்று எனக்கு முட்டி வலி கிடையாது. கொஞ்ச நேரம் மாற்றாமல் அப்படியே வைத்திருந்தேன்.

மறுபடி கேபினெட்டுக்குள் வைத்து முடுக்கினேன், போனது. வெளியே எடுத்தேன், வந்தது. உள்ளே, போனது. அடியில் பித்தளைக் கால் எதுவும் இடம் தப்பி முட்டுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்குரூவை ஒன்றுவிட்டு ஒன்று போட்டுப் பார்த்தேன். எது என்று பிடிபடவில்லை. "அதுக்கு உள்ள இருக்கப் பிடிக்கலைங்க, விடுங்க" என்றாள் மனைவி. இந்த ஆறு நாளில் நான் கேட்டதில் தடயத்தோடு பொருந்திய ஒரே கருத்து.

ஆக, இப்போது கம்ப்யூட்டர் சாப்பாட்டு மேஜையில் அட்டைப்பெட்டி மேல் அம்மணமாகக் கிடக்கிறது. அதில்தான் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். மேஜையின் இந்தப் பாதியில் ரசம் வைக்கத் தடை. காலையில் எனக்கு முன்னால் எழுந்து அவளே கிளப்பிவிடுகிறாள், கொண்டை ஊசியால். ஸ்குரூ டிரைவரைவிட அதுதான் வாகு என்கிறாள். வளைந்த இரண்டு காலும் இரண்டு ஊசிக்கும் அளவெடுத்தாற்போல் உட்காருகிறது. மேலே சுவரில் பல்லி இருக்கிறது. போர்டுக்கு நேர் மேலே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதற்குப் பஞ்சாங்கத்தில் பலன் போடவில்லை.

மீதி நான்கு படிகள் பாக்கி இருக்கின்றன, தெரியும். எழுதத் தொடங்குவதற்குள் மச்சினன் வீடியோ காலில் வந்துவிட்டான். கேமராவைத் திருப்பிக் காட்டச் சொன்னான். காட்டினேன். மேஜை, பெட்டி, போர்டு, ஓடும் ஃபேன், கொண்டை ஊசி.

"ஓடுதா மாமா?"

"ஓடுது."

"வெளிய எடுத்தப்ப ரேமைக் கழட்டித்தானே மாட்டினீங்க?"

"ஆமா, ஆனா..."

"அக்கா, கேட்டியா?" என்று என்னைத் தாண்டிக் குரல் கொடுத்தான். "நான் செவ்வாய்க்கிழமையே சொன்னேன்!"